இருமுடியும் இரண்டு ரூபாயும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ராஜா அண்ணாமலைபுரத்து ஐயப்பன் கோயிலில் மாலையிட்டுக்கொள்ள வருவோர் விடியலுக்கு முன்பே கூடிவிடுகின்றனர். சபரிமலையின் அமைப்பைப் பின்பற்றி எழுந்த கோயில் அது. பதினெட்டுப் படிகள் அங்கும் உண்டு. இருமுடி தாங்காதவர் அவற்றில் கால் வைப்பதில்லை. நோன்பு நிறைந்து பயணம் புறப்படும் நாளில் நடக்கும் கட்டுநிறையைச் சற்று அருகில் நின்று காண வேண்டும். நார் உரித்து வழவழப்பாகத் தேய்த்த தேங்காயின் கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, நெய்யை நிரப்பி, அடைப்பிட்டு மூடி முன்முடியில் வைக்கிறார் குருசாமி. முன்முடியில் இருப்பவை இறைவனுக்கு உரியவை. பின்முடியில் இருப்பவை வழியில் பொங்கித் தின்பதற்கான அரிசியும் பிறவும். இறைவனை நம்பிப் புறப்படுகிறவனும் தன் அரிசியைத் தன் தலையில்தான் சுமக்க வேண்டும் என்று இம்முறையை வகுத்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

முதன்முறையாக மலைக்குச் செல்லும் கன்னிசாமிக்கு வழி தெரியாது. எருமேலியிலிருந்து காட்டுப் பெருவழியில் நடக்கையில், அழுதையாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுக்கச் சொல்கிறார் குருசாமி, எடுக்கிறான். ஏற்றம் ஏறிய பின் கல்லிடும்குன்றில் அதைப் போடச் சொல்கிறார், போடுகிறான். கரிமலை இன்னும் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், "சரணம் சொல்லிக்கிட்டே வாங்க சாமி" என்பதே மறுமொழி. இருட்டில் அவனுக்குத் தெரிவது முன்னே செல்பவரின் குதிகால் மட்டும். ஆயினும் அவன் வெறுங்கையோடு வந்தவன் இல்லை. குளிர்நீராடலும், தரைப்படுக்கையும், சினம் எழுந்தபோது நாவை அடக்கிய பழக்கமுமாக நாற்பத்தொரு நாள் ஒழுக்கம் அவனைத் தாங்கி நிற்கிறது.

'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்னும் சொல் இன்று மிக எளிதாக வாயில் வருகிறது. பாடத்தைத் திறக்காத மாணவனும் அதைச் சொல்கிறான். வாங்கிய கடனைத் திருப்பித் தர மனமில்லாதவனும் சொல்கிறான். மடிமைக்குத் திருநீறு பூசிவிட்டால் அது பக்தி ஆகிவிடாது. முழுவழியும் தெரியாமல் இறைவனை நம்பி நடந்தவர் எவரென்று கேட்டால், 1896ஆம் ஆண்டு மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பதினாறு வயது வேங்கடராமனையே நான் சொல்வேன். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்று அறிந்தது.

ஆகஸ்ட் 29 அன்று, பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகச் சொல்லி அவர் எழுந்தபோது, தம் கல்லூரிக் கட்டணமாகிய ஐந்து ரூபாயை எடுத்துப்போய்க் கட்டிவிடுமாறு தமையனார் நாகசாமி கூறினார். பழைய நிலப்படம் ஒன்றைப் புரட்டி, திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று கணக்கிட்டு, மூன்று ரூபாய் போதும் என்று முடிவுசெய்து, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு நடந்தார். தம் தந்தையாகிய இறைவனைத் தேடி அவர் ஆணைப்படியே செல்வதாகவும், எவரும் தேட வேண்டாமென்றும், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். கையெழுத்து இடவில்லை.

அவர் போட்ட கணக்கு தவறு. படம் பழையது, திருவண்ணாமலைக்கே அதற்குள் தண்டவாளம் வந்துவிட்டிருந்தது. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தாம் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னார். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் சில அணாக்களே எஞ்சியிருந்தன. உணவுக்கடைக்காரர் காசு வாங்க மறுத்ததால் மாம்பழப்பட்டு வரை ஒரு சீட்டு. அதன்பின் அறையணிநல்லூர் வரை நடை. கீழூரில் கோயில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைத் தந்தார். காதுக் கடுக்கனை முத்துகிருஷ்ண பாகவதரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் முதல் நாள் காலை அருணாசலேசுவரர் முன் நின்றார். அந்த மௌல்வியோ, கடைக்காரரோ, மேளக்காரரோ தாம் எதற்குத் துணைநின்றோம் என்பதை அன்று அறிந்திருக்க வழியில்லை. வழி முழுவதும் தெரியும் என்று எண்ணி அவர் யார் சொல்லையும் கேளாமல் இருந்திருந்தால், அந்தத் தவறான படமே அவரைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டிருக்கும்.

அண்ணனின் கட்டணத்தில் கைவைத்தது அறமா என்று கேட்போர் உண்டு, கேட்கத்தக்க கேள்வியே. நான் அதை முழுதாக விலக்கிப் பேச மாட்டேன். ஆனால் அந்த இரண்டு ரூபாயை எண்ணி எண்ணி வியக்கிறேன். உலகையே விட்டுப் போகிறோம் என்று துணிந்துவிட்ட பிள்ளைக்கு, எடுத்தது எவ்வளவு, வைத்தது எவ்வளவு, செய்யாமல் விட்ட வேலை எது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தேவைக்கு மேல் ஓர் அணாவும் எடுக்காத அந்தக் கை, தன்னை நடத்துபவன்மீது கொண்ட நம்பிக்கையை அக்கடிதத்தின் சொற்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. வீட்டைவிட்டு ஓடும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னை ரமணராக எண்ணிக்கொள்வது பேதைமை. ஓடுபவன் மேசைமேல் எதை விட்டுச் செல்கிறான் என்பதைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

இதில் மிகக் கடுமையான பங்கு தாய் அழகம்மாளுக்கு வந்தது. கணவரை 1892இல் இழந்தவர், நான்காண்டில் மகனையும் இழந்தார். 1898 இறுதியில் பவளக்குன்றுக்கு வந்து பல நாள் கண்ணீரோடு அழைத்தும் மகன் இசையவில்லை, தனியே திரும்பினார். 1916இல் மகனோடு வாழவே திருவண்ணாமலை வந்து, மலைமேல் சமைத்துப் பரிமாறி, 1922 மே மாதத்தில் மகனின் கைகள் தம்மேல் இருக்க உயிர்நீத்தார். அவரை அடக்கம் செய்த மலையடிவாரத்தில், அந்தச் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. நூல்களில் இவற்றை அடுத்தடுத்த பக்கங்களில் படிக்கும் நமக்கு எல்லாம் ஒரே நூலில் கோத்தவையாகத் தெரிகின்றன. பவளக்குன்றிலிருந்து இறங்கிய அந்தத் தாய்க்கு அடுத்த பக்கம் கிடையாது. வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன, அவற்றைச் செய்தார். அவர் அழுததை நம்பிக்கைக் குறைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.