பெயர்ப்பட்டியலில் வைத்த புள்ளிகள்

மெல்பேர்ணின் கிழக்கே, டான்டினாங் மலையடிவாரத்தில் இருக்கிறது த பேசின். தை மாதக் கடைசியில், வெயில் எரிக்கும்போதுதான் இங்கே பள்ளிக்கூடங்கள் திறக்கும். பின்னாலேயே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் தொடங்கிவிடும். இம்முறையும் பெயர்ப்பட்டியலோடு சமையலறை மேசையில் இருந்தேன்.

வாசிக்க வாசிக்க, கை தன்பாட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தது. அம்மம்மாவோடு தமிழில் கதைக்கும் பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழைக் கொண்டுபோவார்கள் என்ற நம்பிக்கை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் ஒரு பையனின் பெயரைத் தாண்டிப் போயிருந்தேன். போன வருடம் அவனிடம் நான் கேட்டவையெல்லாம் 'ஓம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்விகள். அவன் சங்கடப்படக் கூடாதென்ற கரிசனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ரொபேர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வொன்று நினைவுக்கு வந்தது. கலிபோர்னியாவின் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குறிப்பிட்டு, இவர்கள் இவ்வருடம் மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அப்பெயர்கள் குருட்டுவாக்கில் எடுக்கப்பட்டவை. ஆனாலும் சின்ன வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாக அவர்கள் எழுதினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது பற்றிப் பின்னர் நிறைய விவாதம் நடந்தது. என்னை உறுத்துவது வேறு: பட்டியலில் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த வருடம் என்ன கிடைத்தது?

நல்லாசிரியருக்கு நன்னூல் நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமை சொல்கிறது. மலை என் யன்னலில் தெரிகிறது. நிறைகோல்தான் என்னிடம் சரிந்து கிடக்கிறது.

எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒரே நம்பிக்கை வைக்க முடியுமா என்று கேட்கலாம். மனதுக்குக் கட்டளையிட முடியாது, உண்மைதான். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, நம்பிக்கை வேறு. எதிர்பார்ப்பு, பிள்ளை இதுவரை காட்டியதைக் கணக்கிடுகிறது. நம்பிக்கையோ பிள்ளையைப் பற்றிய கணிப்பே அல்ல. நான் என்ன செய்யத் தயார் என்பதுதான். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, புள்ளி வைத்த பிள்ளைக்காக நான் பத்து வினாடி காத்திருக்கிறேன். மற்றவனுக்கு இரண்டே வினாடி. பிறகு பதிலை நானே சொல்லிவிடுகிறேன். மனதைச் சமப்படுத்த முடியாவிட்டாலும் அந்த வினாடிகளைச் சமப்படுத்தலாம்.

புள்ளிகளை அழித்துவிட்டேன். முதற் சனிக்கிழமை அவனிடம் கேட்கப்போகும் கேள்வி: "விடுமுறையில் என்ன செய்தாய்?" அவன் சொல் தேடுவான். நான் காத்திருக்க வேண்டும்.