சோதிக்காமல் இருந்தது யார் குற்றம்?

நலம் விசாரிக்கப் போகிறோம். “சர்க்கரையை முன்பே பார்த்திருந்தால் கால் விரலை எடுக்க வேண்டியிருக்காதே” என்று நோயாளியிடமே சொல்லிவிட்டு வருகிறோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டக் கயிறு வேண்டாமா?

அரசு மருத்துவமனையில் சோதனை இலவசம்தான். ஆனால் வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். பாதி நாள் போய்விடும், கூலியும் போய்விடும். அந்தக் கூலியில்தான் இரவு உலை. மனைவியின் நிலையோ இன்னும் மோசம். தனக்கு வலிக்கிறது என்றே சொல்லமாட்டார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம்.

கடை வைத்திருப்பவர்களே, உங்களிடம் வேலை பார்ப்பவருக்குச் சோதனைக்கென்று சம்பளத்தோடு அரைநாள் விடுப்பு கொடுத்ததுண்டா?