ஆளவா, காக்கவா?

கடலையும் தீவையும் கடவுள் நமக்காகத்தான் படைத்தாரா? பொங்கல் விடுமுறையில் தூத்துக்குடியில் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. காலையில் பனிமய மாதா பேராலயம் பார்த்துவிட்டு, மாலையில் முயல் தீவுக்குப் போயிருந்தோம்.

மணலில் கிடந்த பவளத்துண்டை அவள் கையில் கொடுத்தேன். மேலெல்லாம் பொடிப்பொடிக் குழிகள்; ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. இந்தக் கடலின் பவளப்பாறைகளை வெட்டிச் சுவருக்குக் கல்லாக்கினோம், சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். அலையைத் தடுக்கும் அரண் போயிற்று. இங்கிருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் அமிழ்ந்தது.

விவிலியத்தில் தொடக்க நூலின் முதல் அதிகாரம் மண்ணுலகை ஆளும் உரிமையை மனிதனுக்குத் தருகிறது. அடுத்த அதிகாரமே தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பையும் தருகிறது. முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

"நமக்காகவும்தான் கண்ணு, நமக்காக மட்டுமில்லை" என்றேன். ஊர் பார்க்கப் போகிறவனுக்கும் இது பொருந்தும். ஓய்வு நம் உரிமை. ஆனால் பேராலயத்தில் செருப்பைக் கழற்றும் பணிவு தீவின் மணலிலும் வேண்டும். படைத்தவரை வணங்கிவிட்டுப் படைப்பைச் சிதைப்பது பக்தியாகாது.