கொடையின் நாணயம்



அறநிலையத்தின் வாயிலில் வந்து நிற்கும் கொடையை, அதன் வடிவம் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பியனுப்புதல் அறமாகுமா? தலைநகராம் டில்லியின் அண்மை வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்கள்களில் கொரோனாப் பெருந்தொற்று டில்லியை வாட்டியது. மருத்துவமனைகளில் இடமில்லை, பிராணவாயுவின்றி மக்கள் மாண்டனர். அவ்வேளையில், டில்லியில் வளர்ந்த கணினித் தொழில் முனைவர் சந்தீப் நைல்வால் ஒரு நிவாரண நிதியைத் தொடங்கினார். அந்நிதி வேண்டியது கிரிப்டோ நாணயம். பொன்னுமன்றித் தாளுமன்றி, அரசாங்க முத்திரையுமின்றிக் கணினிப் பேரேடுகளில் மட்டுமே வழங்கும் பொருள் அது. எத்தீரியம் என்னும் நாணய அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவரான விட்டாலிக் புட்டரின், மே திங்களில் ஷிபா இனு என்னும் நாணயங்களை 50 இலட்சம் கோடிக்கு மேல் அந்நிதிக்கு ஈந்தார். அன்றைய சந்தை மதிப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர்.

இத்தகைய கொடையை மறுப்போரும் உளர். 'இது சூதாட்டப் பொருள். ஏழைகள் பலர் இதில் பொருளிழந்தனர்' என்பர் சிலர். 'இதற்கு மின்சாரம் பெரிதும் விரயமாகின்றது' என்பர் வேறு சிலர். 'இதனை ஏற்றால் நெடுநாள் கொடையாளர் விலகுவர்' என அஞ்சுவோரும் உண்டு. தன்னார்வலர்தம் எதிர்ப்பினை மதித்து, விக்கிமீடியா நிறுவனம் 2022 மே திங்களில் இக்கொடையை நிறுத்திற்று. அதன் வருவாயில் இது மிகச் சிறு பங்கே. ஆதலின் மறுப்பால் எவரும் பட்டினி கிடக்கவில்லை. மூச்சுக்குத் தவிப்போரின் பொருட்டு இரப்பவர்க்கு அவ்வுரிமை உண்டோ?

பகவன் புத்தர் தம் இறுதி நாட்களில் வைசாலிக்கு எழுந்தருளியபோது, கணிகையாகிய அம்பபாலி அவரை உணவுக்கு அழைத்தாள், அவர் இசைந்தார். பின்னர் லிச்சவி அரச குமாரர்கள் அவ்விருந்தைத் தமக்கு விட்டுக்கொடுக்குமாறு பெரும்பொருள் தருவதாகக் கேட்டும் அவள் இணங்கவில்லை. குமாரர்கள் வருந்துவரே என்று பகவன் தம் சொல்லை மாற்றவுமில்லை. அவள் ஈந்த மாந்தோப்பினையும் சங்கத்தின் பொருட்டு ஏற்றருளினார். ஈவோரின் உள்ளத்தையும் பெறுவோரின் பயனையுமே அவர் நோக்கினார்.

ஆயினும் எதையும் ஏற்கலாம் என்பது இதன் கருத்தன்று. களவினாலும் வஞ்சகத்தாலும் வந்த பொருள் தானமாகாது. இவ்விதி ரூபாய்க்கும் உரியதே. மின்சார விரயம் என்னும் குறை பிட்காயினுக்குப் பொருந்தும். எத்தீரியமோ 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றி, மின்செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் குறைத்தது. குறையறிந்து தெரிவு செய்தல் வேண்டும். முற்றும் ஒதுக்குதல் வேண்டா.

சட்டத்தின் வரம்பினையும் மீறலாகாது. 2020ஆம் ஆண்டின் திருத்தப்படி, அறநிலையங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பணக்கொடை புது டில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே முதற்கண் சேர வேண்டும். உள்நாட்டில், 2022 ஏப்ரல் முதல் இந்நாணய இலாபத்தின்மீது 30 விழுக்காடு வரி உண்டு. இவற்றை அறிந்த கணக்கரைத் துணைக்கொள்ளல் நன்று.

ஏற்ற நாணயத்தை அன்றே விற்றுப் பணமாக்குக. புட்டரின் ஈந்த நாணயத்தின் விலை உடனே பெரிதும் சரிந்தது. விலையேறும் என வைத்திருப்பின் அறநிலையமே சூதாடியதாகும். தனிக் கணக்கு எழுதி யாவர்க்கும் காட்டுக. மாற்றுக் கருத்துடைய கொடையாளரை அழைத்து, அவர்தம் ரூபாய் இதனோடு கலவாதெனத் தெளிவுறுத்துக. அதன் பின்னும் ஒருவர் விலகுவாராயின், வருத்தத்தோடு வழியனுப்புக. அவர் பொருட்டு நோயாளியின் மருந்தை நிறுத்தற்க.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னதன் வடிவம் காலந்தோறும் மாறும். பின்னதைக் காத்தலே அறநிலையத்தார் கடன்.