கலசத்தில் இல்லாத இரிடியம்

கோயில் கலசத்தில் இடி இறங்கினால் செம்பு இரிடியமாகிவிடும், அது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலைபோகும். இந்தப் பொய்யை நம்பி வீட்டையும் நகையையும் இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. படித்தவர்களும் அதில் அடக்கம் என்பதுதான் வேதனை.

இடி எந்தச் செம்பையும் இரிடியமாக்காது. வானத்திலிருந்து இரிடியம் வருவது உண்மைதான். அது விண்கல்லில் வரும். 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரை மாவட்டத்தில் வெள்ளையர் ‘பார்னல்லி’ என்று எழுதிவைத்த ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. சேர்த்து ஏறக்குறைய 77 கிலோ. இந்த வகைக் கல்லில் இரிடியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. மொத்தத்தையும் இடித்துச் சலித்தாலும் ஒரு மூக்குத்திக்குக் காணாது.

அந்தக் கற்களின் பெருமை வேறு. சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி முழு உருப்பெறும் முன்பே, உருகி இறுகிய நுண்ணிய உருண்டைகள் அவற்றுக்குள் இருக்கின்றன. பெரிய கல் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொய்க் கலசத்தை அறிந்த ஊருக்கு இந்த மெய்க்கல் தெரியவில்லையே!

பகுத்தறிவு பேசுகிற நமக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. சைபீரியாவில் 1749இல் ஒரு கொல்லர் கண்ட பெருங்கல், இரும்புக்குள் ஆலிவின் படிகங்கள் பதிந்த கல்லிரும்பு. வானத்திலிருந்து விழுந்த புனிதப் பொருள் என்றார்கள் அங்கிருந்த தாத்தாரியர். வானத்திலிருந்து கல்லாவது விழுவதாவது என்று சிரித்தார்கள் ஐரோப்பிய அறிஞர்கள். 1794இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாட்னி அந்தக் கல்லையே சான்றாக வைத்து நூல் எழுதியபோதும் பலர் ஏற்கவில்லை. 1803இல் பிரான்சின் லேகில் ஊரில் கற்கள் மழையாய் விழுந்தன. பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ அங்கே நேரில் போனார், குடியானவர்களை விசாரித்தார், துண்டுகளைப் பொறுக்கினார். அதன்பிறகுதான் சிரிப்பு அடங்கியது. விழுந்தது என்று தாத்தாரியர் சொன்னது மெய்; புனிதம் என்றது அவர்கள் சேர்த்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே தள்ளியவர்களை எப்படிப் பகுத்தறிவாளர் என்பது?

நாளை மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கரிய விண்கல் வயலில் விழலாம். மஞ்சளோ எண்ணெயோ பூசாதீர்கள், பால் ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் உள்ளிருக்கும் இரும்பு துருவேறும், எண்ணெய் ஆய்வைக் கெடுக்கும். உடைத்துப் பங்கு போடவும் வேண்டாம். விழுந்த நேரம், இடம், வந்த திசை மூன்றையும் எழுதிவைத்து, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குச் சொல்லுங்கள்.