இரைச்சல் என்று எதைச் சொல்வது?

ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கும் பேச்சு எப்போதும் விலையில்தான் தொடங்கும். புதிய கணினி எவ்வளவு, ஒலிவாங்கி எவ்வளவு, மென்பொருளுக்கு மாதச் சந்தாவா ஒரே தடவைக் கட்டணமா? லாச்சப்பலுக்குக் கிட்டச் சிறிய கூடமொன்றை நடத்தும் அண்ணை ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டபோதும் அப்படித்தான் தொடங்கியது. கணினித்துறையில் இருப்பவனுக்கு இது பழகிய கணக்கு. ஆனால் அலுமாரியில் இருந்த சில நூறு கசெற்றுகளைக் காட்டி அவர் சொன்ன ஒரு வசனம் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. “இதுகளையும் கணினியிலை ஏத்தி, இரைச்சலை எடுத்துப்போட்டு, நாடாவை எறிஞ்சுவிடுவம் தம்பி. இடமாவது மிஞ்சும்.”

பாரிஸில் ஓர் அறையின் வாடகை தெரிந்த எவரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கசெற்றுகளில் பல, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து வந்தவை. பிரதி எடுக்கக் கொடுத்தவர்கள் பிறகு இலண்டனுக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். ஒரு தாய் பேசுகிறார். பின்னால் சேவல் கூவுகிறது, தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடுகிறது, யாரோ ஒரு குழந்தையை அதட்டுகிறார்கள். இடையில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். தாய் ஒரு கணம் நிறுத்திவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மகனுடைய சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிறார்.

இன்றைய இரைச்சல் நீக்கும் மென்பொருள் மனிதக் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்கப் பழக்கப்பட்டது. அதற்குப் பேசுபவரின் குரல்தான் செய்தி, மற்றதெல்லாம் கழிவு. சேவல் போகும், மெசின் போகும், வெடிச்சத்தமும் போகும். மிஞ்சுவது, காரணமில்லாமல் நடுவில் பேச்சை நிறுத்துகிற ஒரு பெண்ணின் குரல்.

இரைச்சல் நீக்கத்தைக் கொஞ்சம் கடுமையாகப் போட்டால் பேச்சுக்கே சேதம் வரும். முதலில் பலியாவது மெலிந்து முடியும் ஒலிகள். தமிழில் ‘வீடு’, ‘ஆறு’, ‘பாட்டு’ என்று எத்தனையோ சொற்கள் குற்றியலுகரத்தில் தேய்ந்து முடிகின்றன. இலக்கணக்காரர் அரை மாத்திரை என்று கணக்கு வைத்த அந்த ஒலியை இயந்திரம் இரைச்சலோடு சேர்த்து வெட்டிவிடக்கூடும்.

ஆகவே கேள்வி தொழில்நுட்பம் பற்றியது மட்டுமல்ல. எது குரல், எது இரைச்சல் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? அந்த மகனுக்கு வேண்டியது அம்மாவின் குரல். இங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகளுக்கு, அப்பம்மாவின் வார்த்தைகளைவிட அந்த முற்றத்தின் சத்தம் பெரிதாக இருக்கலாம். அவளுக்கு அந்த ஊர் இருக்கும் ஒரே இடம் அந்த நாடாவின் பின்னணிதான்.

இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. எடிசனுக்கு முன்பே, 1857இல், எதுவார்-லெயோன் ஸ்கொட் து மார்த்தேன்வில் என்ற பாரிஸ்காரர் ஒலியை எழுதும் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது புகைக்கரி பூசிய தாளில் ஒலியின் அதிர்வைக் கோடாகக் கீறும். திரும்ப ஒலிக்கச் செய்யாது. 1860 ஏப்ரல் 9ஆம் திகதி அவர் பதிந்த ஒரு நாட்டுப்பாடலின் துண்டை, 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியின் உதவியோடு ஒலிக்கச் செய்தார்கள். ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ பாடுவதுபோல் கேட்டது. உலகமே அப்படி நம்பியது. அடுத்த வருடம் அதே ஆய்வாளர்கள் தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். ஒலிக்கவிட்ட வேகம் இரண்டு மடங்காகிவிட்டிருந்தது. வேகத்தைச் சரிசெய்தபோது கேட்டது, மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல், அநேகமாக ஸ்கொட்டினுடையதே.

அந்தத் திருத்தம் எப்படிச் சாத்தியமானது? கரி பூசிய தாளின் கோடுகள் அப்படியே இருந்தன. அவரது பதிவுகளைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒன்றரை நூற்றாண்டாகக் காத்து வைத்திருந்தது. கேட்கவே முடியாத ஒன்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது எறிந்திருந்தால் 2008ஆம் ஆண்டே வந்திராது. 2008இன் ஒலிக்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை எறிந்திருந்தால், அந்த மனிதர் என்றைக்கும் சிறுமியாகவே பாடிக்கொண்டிருப்பார். சுத்தம் செய்த பிரதி என்பது, அந்த நேரத்தில் நமக்கிருக்கும் கருவியும் அறிவும் சொல்கிற ஓர் அபிப்பிராயம். அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு சாட்சியை எறியக்கூடாது.

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் சொல்வதும் இதுதான்: பாதுகாப்புப் பிரதியில் எந்தத் திருத்தமும் செய்யாமல், குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் மாற்றுங்கள்; சுத்தம் செய்வதைக் கேட்பதற்கான இன்னொரு பிரதியில் செய்யுங்கள். கேட்கவே முடியாத பதிவை யாரும் கேட்கப்போவதில்லை என்ற வாதத்துக்கும் இதில் இடமிருக்கிறது. இரண்டு பிரதிகள், இரண்டு கடமைகள்.

இடம் போதாது என்பது இன்று நியாயமான சாட்டு அல்ல. 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், இரட்டைத்தடப் பதிவாக ஒரு மணி நேரம் ஏறக்குறைய 2 ஜிகாபைட். 500 கசெற்றுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டெராபைட்தான். அது உள்ளங்கையளவு வன்தட்டு. உண்மையான செலவு வேறு. ஒரு மணி நேர நாடாவை ஒழுங்காக மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 250 மாலைகள். யாராவது பக்கத்தில் இருந்து கேட்கவும் வேண்டும். புதிய கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இதைக் குறைத்துத் தராது. அண்ணை தயங்கியதும் இந்த இடத்தில்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 250 மாலைகளை ஒரே மனிதரின் தலையில் கட்டிவிட்டு, அறம் பேசிக்கொண்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போவது சரியல்ல.

கணினியில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்பதும் அரை உண்மைதான். தொண்ணூறுகளின் கூடங்கள் நம்பியிருந்த டாற் என்னும் டிஜிற்றல் நாடாவுக்கான கருவிகளைத் தயாரிப்பதை சோனி 2005இல் நிறுத்தியது. 2013இல் புரோ டூல்ஸ் 11 வந்தபோது, பழைய வகைப் பிளக்-இன்கள் அதில் வேலை செய்யவில்லை. ஆகவே எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வெறும் வேவ் கோப்பாகவும் ஒன்றை வைத்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு கனமான வாதம் இருக்கிறது. பின்னணியில் பேசியவர்கள் பதிவாகச் சம்மதித்தார்களா? குரல்களைப் பிரிக்கும் அதே மென்பொருள், முப்பது வருடங்களுக்கு முன் அடுத்த அறையில் யாரோ முணுமுணுத்த ஒரு பெயரையும் தெளிவாக்கிவிடலாம். நம்முடைய கதையில் ஒரு பெயர் சிறிய விசயமல்ல. எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்பவன் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். என் பதில் இது: காப்பது வேறு, வெளியிடுவது வேறு. பூட்டி வைத்ததைப் பிறகு திறக்கலாம். உரியவரோ அவரது பிள்ளைகளோ கேட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அழித்துவிடு என்று அவர்களே சொன்னால் அழிக்கவும் செய்யலாம். அந்த முடிவு அவர்களுடையது. இடம் வேண்டுமென்பதற்காக நாம் எடுக்கும் முடிவு அதைப் போன்றதல்ல.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அழிவு எப்போதும் வெறுப்போடு வருவதில்லை. நிலவில் மனிதர் முதலில் நடந்ததை நேரடியாகப் பதிந்த மூலநாடாக்கள் அநேகமாக அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று நாசாவே 2009இல் சொன்னது. அங்கே பகைவர் எவரும் இல்லை. நாடாவுக்குத் தட்டுப்பாடு இருந்தது, அவ்வளவுதான். நெருப்பு வைத்தவர்களிடம் நாம் கேட்கும் கணக்கை, அலுமாரியை ஒதுக்கும்போது நம்மிடமும் கேட்க வேண்டும். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் நம்மைவிட நன்றாகக் கேட்கக்கூடும். அதற்கு இடம் விட்டு வைப்பது நம் வேலை.