பதினைந்தாம் எழுத்து

பிற மக்களை அறிய விரும்பும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது? அவர்களுடைய வரலாற்றையும் மதத்தையும் பழக்கவழக்கங்களையும் சுருக்கிச் சொல்லும் பொதுநூல் ஒன்றிலிருந்து என்பதே வழக்கமான விடை. அரபு மக்களைப் பொறுத்தவரை அப்படித் தொடங்கிய பலரிடம் கடைசியில் மிஞ்சுவது பாலைவனம், ஒட்டகம், எண்ணெய்க் கிணறு, ஓயாத சண்டை என்ற நான்கைந்து படங்கள்தாம். அந்த நூல்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. ஆனால் முழுமையைச் சுருக்கித் தரும் எந்த நூலும் நம்மிடம் முன்பே குடியேறிவிட்ட எண்ணங்களுக்குள் சிரமமில்லாமல் அடங்கிவிடுகிறது. படித்து முடித்த பிறகும் நாம் பழைய ஆளாகவே இருக்கிறோம். இதற்கு நேரெதிரான வழி ஒன்றை நான் பரிந்துரைக்க விரும்புகிறேன். அரபு நெடுங்கணக்கில் உள்ள 28 எழுத்துகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அது இடம்பெறும் சொற்களையும் அதை ஒலித்த மனிதர்களையும் விடாமல் பின்தொடர்ந்து போவதுதான் அந்த வழி. பொதுக்கருத்துகள் நுழைய முடியாத அளவுக்குச் சிறிய பொருள் என்பதால், ஓர் எழுத்து நம்மை நேர்மையாக வைத்திருக்கும் என்பது என் வாதம்.

நான் எடுத்துக்கொள்வது 15ஆம் எழுத்தான ளாத். அதற்கு முந்திய எழுத்தான ஸாத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அது ளாத் ஆகிவிடும். அந்தப் புள்ளிக்கே ஒரு கதை உண்டு. அரபு எழுத்து, நபத்தேயர் வழியாக அரமேய எழுத்திலிருந்து வளர்ந்தது. மூல எழுத்துமுறையில் இருந்தவை 22 எழுத்துகளே. அரமேய மொழியில் இந்த ஒலி நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டதால் அதற்கென்று ஒரு வடிவம் அங்கே இருக்கவில்லை. அரபியர் அதை ஸாத்தின் வடிவத்திலேயே எழுதி வந்து, பின்னர் புள்ளியிட்டுப் பிரித்தார்கள். கடன் வாங்கிய எழுத்துமுறையில் இருக்க இடமில்லாமல் வந்து சேர்ந்த இந்த ஒலிதான், பிற்பாடு மொழிக்கே அடையாளமாகிவிட்டது. அரபுக்கு 'லுகத்துள் ளாத்', அதாவது ளாத்தின் மொழி என்று பெயர். 10ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் அல்-முதனப்பி தம் குலப்பெருமை பேசும்போது அரபு மக்களை இந்த எழுத்தைக் கொண்டே அடையாளம் காட்டினார். இன்றும் டிசம்பர் 18 அன்று உலக அரபு மொழி நாள் வந்தால் மேடைகளில் ளாத்தைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை.

ஒரு மொழி தன் தனிச்சொத்தாக எதைக் கருதுகிறதோ, அதை உற்றுப் பார்ப்பது எப்போதும் பயன் தரும். 8ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணத்தின் அடித்தள நூலான 'அல்-கிதாப்'பை எழுதிய சீபவைஹி, நாவின் விளிம்புக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையே ளாத் பிறப்பதாகச் சொல்கிறார். அதாவது காற்று நாவின் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். லகரத்துக்கு உறவான ஒலி அது. தொல்காப்பியம் ல, ள இரண்டின் பிறப்பைச் சொல்லும்போதும் நாவிளிம்பையே குறிப்பிடுகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் இந்த எழுத்தைக் கனத்த தகரம் போல ஒலிக்கிறார்கள். ஈராக்கிலும் வளைகுடாவிலும் அது 'ளா' என்ற வேறோர் எழுத்தின் ஒலியோடு கலந்தே போய்விட்டது. இந்தச் சிதைவு நவீன காலத்தின் குற்றமும் இல்லை. சீபவைஹியே 'நலிந்த ளாத்' என்ற ஒன்றை, ஏற்கத்தகாத ஒலிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இரண்டு எழுத்துகளையும் குழப்பாமல் எழுதக் கற்றுத்தரும் நூல்கள் இடைக்காலத்தில் ஒரு தனி வகையாகவே பெருகின. 1122இல் மறைந்த அல்-ஹரீரி தம் 'மகாமாத்' நூலில், 'ளா' வரும் சொற்களை ஒரு பாட்டாகவே கட்டிக் கொடுத்திருக்கிறார். கற்றவர்களுக்கே இந்த உதவி வேண்டியிருந்தது.

சீபவைஹி பாரசீகர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷீராஸ் நகருக்கு அருகே அல்-பைளா என்ற ஊரில் பிறந்து, பஸ்ராவுக்கு வந்து அரபு கற்றவர். தாய்மொழியில் இல்லாத ஒலியை அவர் வெளியிலிருந்து வந்து கவனித்தார். கேட்டே பழகியவர்களுக்குத் தெரியாத நுட்பம் அவருக்குத் தெரிந்தது. அரபு மக்கள் இன்று தங்கள் எழுத்தின் பழைய ஒலியை அறிய வேண்டுமானால், அயலாரான அவருடைய குறிப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பண்பாடு என்பது பிறந்தவர்களின் சொத்து, மற்றவர்கள் விருந்தாளிகளாக எட்ட நின்று பார்க்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எந்தப் பொதுநூலையும்விட இந்த ஓர் எழுத்து அந்த நினைப்பை எளிதாகக் கலைத்துவிடுகிறது.

அந்தப் பழைய ஒலி எப்படி இருந்தது என்பதற்கான வேறு சான்றுகள் அரபு மொழிக்கு வெளியே கிடைக்கின்றன. கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசீரியக் கல்வெட்டில், அரபியரின் ருளா என்ற தெய்வத்தின் பெயர் 'ருல்தாயு' என்று பதிவாகியிருக்கிறது. ஒரே மெய்யெழுத்தைக் கேட்ட அசீரிய எழுத்தர் அதை லகரமும் தகரமுமாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஸ்பானிய மொழியில் நகரத் தலைவருக்கு 'அல்கால்தே' என்று பெயர். அது 'அல்-காளி', அதாவது நீதிபதி என்ற அரபுச் சொல். அங்கேயும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாய் மொழிக்கு வந்தால், கட்டாயக் கடமையைக் குறிக்கும் 'ஃபர்ள்' என்ற சொல் 'பெர்லு' ஆகி, 'வேண்டும்' என்ற அன்றாடப் பொருளில் வழங்குகிறது. மனநிறைவைக் குறிக்கும் 'ரிளா' அங்கே 'ரெலா'. மலாயில் தகரம் தாராளமாக உண்டு. இன்றைய கெய்ரோ ஒலிப்பைக் கேட்டிருந்தால் அவர்கள் தகரத்தையே எடுத்திருப்பார்கள்.

தமிழும் இந்தச் சாட்சிகளின் வரிசையில் நிற்கிறது. நோன்பு மாதத்துக்குத் தமிழில் ரமலான், ரம்ஜான் என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒரே அரபுச் சொல். வந்த வழிதான் வேறு. ரமலான் கடல்வழி வந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களின் முஸ்லிம்களும், யெமனின் ஹளரமவ்த்தும், மலபாரும், மலாய்த் தீவுகளும் ஷாஃபி என்ற ஒரே சட்டநெறியைப் பின்பற்றும் ஒரே கடல் உலகமாக இருந்தன. அந்த உலகத்தில்தான் பர்ளு, நண்பகல் தொழுகையைக் குறிக்கும் லுஹர், முற்பகல் தொழுகையைக் குறிக்கும் லுஹா என்ற வடிவங்கள் தமிழில் நிலைத்தன. ரம்ஜான் நிலவழி வந்தது. பாரசீகத்தில் இந்த ஒலி இல்லாததால் அவர்கள் அதை ஸகரத்தின் அதிரொலியாகப் படித்தார்கள். தமிழ் அதை ஜகரமாக்கிக்கொண்டது. அப்படி வந்தவற்றைக் கச்சேரிகளிலும் கோர்ட்டுகளிலும் இன்றுவரை பார்க்கலாம். ஜில்லா, ஜப்தி, ஜாமீன், ஆஜர், ராஜினாமாவில் உள்ள ராஜி, மாஜி மந்திரியின் மாஜி என எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது ளாத்தான். ஆற்காட்டு நவாபின் நிர்வாகமும் அதன்பின் கம்பெனி ஆட்சியும் இவற்றைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தாலுகாவுக்கும் கொண்டு சேர்த்தன. இலங்கையில் முஸ்லிம்களின் திருமண வழக்குகளைக் கேட்பது காதி நீதிமன்றம். தமிழ்நாட்டில் அரசு நியமிப்பவர் தலைமை காஜி. நீதிபதி ஒருவர்தான், எழுத்தும் ஒன்றுதான்.

தமிழர்கள் தங்களுக்கு எளிதாக வந்த லகர ளகரங்களைப் போட்டுக்கொண்டார்கள், அதில் பழைய ஒலியைத் தேடுவது மிகை என்று மொழியியல் படித்தவர் மறுக்கலாம். நியாயமான எச்சரிக்கைதான். லுஹர் என்ற சொல்லின் முதலெழுத்து ளாத் இல்லை, 'ளா'. ஆகவே நம் கரைக்கு ஓதிக்கொடுக்க வந்தவர்களின் நாவிலேயே இரண்டும் ஒன்றாகியிருக்க வேண்டும். ஆனாலும் தமிழில் தகரமும் டகரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு நாவிளிம்பு ஒலிகளைத் தேர்ந்தது தற்செயல் என்று சொல்ல, மலாயும் ஸ்பானியமும் அசீரியமும் அதே தற்செயலுக்கு ஆளானதாகச் சொல்ல வேண்டிவரும். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களுக்குள் பொருளுறவு எதுவும் கிடையாது. குழந்தைகளுக்கான அகரவரிசைப் புத்தகம் போலச் சொற்களைக் குவித்தால் பண்பாடு எப்படிப் புலப்படும்? உறவில்லாமையே இதன் பலம் என்பேன். நாமே தலைப்புகளைத் தேர்ந்தால், தெரிந்த படங்களுக்கான சொற்களையே தேர்வோம். எழுத்து அப்படி நமக்கு இணங்கி நடப்பதில்லை. ளாத்தின் பக்கத்தைத் திறந்தால் சிரிப்பு வருகிறது, தவளை வருகிறது, கழுதைப்புலி வருகிறது. ஹதீஸ் எனப்படும் நபிமொழிகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் உடும்பு என்று சொல்லும் 'ளப்பு' வருகிறது. நபிகள் நாயகம் அதைத் தாம் உண்ணவில்லை, பிறர் உண்பதைத் தடுக்கவும் இல்லை. தமக்குப் பிடிக்காததைப் பிறருக்கு விலக்காமல் விட்ட அந்தப் பெருந்தன்மையை எந்தச் சுருக்க நூலும் ஒரு பல்லியின் வழியாக நமக்குச் சொல்லியிருக்காது. 'ளரர்', தீங்கு. 'ளரூரா', தவிர்க்க முடியாத தேவை. ஒரே வேரில் பிறந்த இந்த இரண்டையும் சுற்றி இஸ்லாமியச் சட்டத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது. 1869 முதல் 1876 வரை உஸ்மானியர் தொகுத்த 'மெஜல்லே' சட்டம், தீங்குக்குத் தீங்கு கூடாது என்பதையும் தேவை நெருக்கும்போது தடை தளரும் என்பதையும் தன் முகப்பில் உள்ள பொதுவிதிகளிலேயே வைத்தது. 'ளமீர்' என்றால் மனசாட்சி. இலக்கணத்தில் பிரதிப்பெயருக்கும் அதுவே பெயர். உள்ளே மறைந்திருப்பது என்ற வேர்ப்பொருள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

நான் அதிகம் நேசிப்பது 'ளைஃப்' என்ற சொல்லை. விருந்தினர் என்று பொருள். ஒருவர் வந்தாலும் பலர் வந்தாலும் அதே வடிவம் நிற்கலாம். குர்ஆனில் இப்ராஹீமைத் தேடி வந்த விருந்தினர் பலர், சொல் ஒருமை. இதே வேரிலிருந்துதான் 'இளாஃபா' வருகிறது. சேர்த்தல், கூட்டுதல் என்று அதற்குப் பொருள். இலக்கணத்தில் ஒரு பெயர் இன்னொரு பெயரைச் சார்ந்து உடைமைப் பொருள் தருவதற்கும் அதுவே பெயர். வீட்டுக்கு வந்தவர் அந்த வீட்டோடு சேர்க்கப்பட்டவர். விருந்தோம்பல் மூன்று நாள் என்று ஹதீஸ் வரையறுக்கிறது, அதற்கு மேல் செய்வது தர்மம். சேர்த்துக்கொள்வதற்கும் ஓர் அளவு உண்டு என்று சட்டம் போட்ட அந்தச் சமூகத்தின் நடைமுறை அறிவை நான் மதிக்கிறேன்.

எழுத்தைக் கொண்டாடுவது இனப்பெருமையில் போய் முடியாதா என்பதுதான் என்னைக் கவலைப்படுத்தும் மறுப்பு. ழகரத்தைக் கொண்டாடிக்கொண்டே அதைத் தவறாக ஒலிக்கும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். ளாத்தை மொழிவோரில் நானே நாவன்மை மிக்கவன் என்று நபிகள் சொன்னதாக ஒரு வாசகம் அரபு உலகில் புழங்குகிறது. அதற்கு மூலமே இல்லை என்று இப்னு கஸீர் போன்ற ஹதீஸ் அறிஞர்களே எழுதிவைத்தார்கள். வேறு யாருக்கும் இந்த ஒலி கிடையாது என்ற கூற்றும் நிற்காது. யெமனின் கிழக்கிலும் ஓமானின் ளுஃபாரிலும் பேசப்படும் மெஹ்ரி மொழியிலும், சொகோத்ரா தீவின் மொழியிலும் பக்கவாட்டு உரசொலிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சொந்த எழுத்தும் பாடப்புத்தகமும் இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்த சிறு மொழிகள் அவை. பெருமையை வளர்ப்பது பாதி அறிவு. எழுத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தவருக்குப் பெருமை கொள்ள இடமே கிடைக்காது. குர்ஆனின் தோற்றுவாயான ஃபாத்திஹாவின் கடைசி வசனத்தில் இந்த எழுத்து இரண்டு சொற்களில் வருகிறது. கடமையான ஐந்து தொழுகைகளின் 17 ரக்அத்துகளிலும், அதாவது தொழுகைச் சுற்றுகளிலும், அதை ஓத வேண்டும். அரபியரும் அரபியர் அல்லாதவரும் அதைச் சரியாக ஓத ஆசிரியரிடம் அமர்ந்து பழகுகிறார்கள். இந்த எழுத்தின் முன் பிறப்பால் தேர்ந்தவர் என்று இன்று எவரும் இல்லை.

பிழைப்புக்காக வளைகுடா போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு, நாலு வாக்கியம் பேசத் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதி சரி. சம்பளத்தையும் விடுப்பையும் கேட்டுப் பேசும் வாக்கியங்கள்தான் முதலில் வேண்டும், எழுத்தாராய்ச்சி அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் அந்த மனிதரின் நாளிலும் ளாத் இருக்கிறது. மேற்பார்வையாளர் கூப்பிட்டால் அவர் சொல்லும் 'ஹாளிர்', ஊர் கோர்ட்டில் டவாலி கூப்பிடும்போது சொல்லும் ஆஜர்தான். வாங்கிய ஃபிரிட்ஜின் உத்தரவாத அட்டையில் உள்ள 'ளமான்' என்ற சொல்லுக்கும் ஜாமீனுக்கும் வேர் ஒன்றே. இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் அந்நிய மொழி பாதி அந்நியத்தை இழந்துவிடும். 2018 ஜனவரி 1 முதல் சவூதியிலும் அமீரகத்திலும் மளிகைக்கடை ரசீதுகளில் மதிப்புக் கூட்டு வரி அச்சாகிறது. அரபில் அதற்கு 'ளரீபத்துல் கீமத்தில் முளாஃபா' என்று பெயர். அந்தப் பெயரில் ளாத் இரண்டு முறை வருகிறது. முதலாவது வரியைக் குறிக்கும் சொல்லில், இரண்டாவது விருந்தினரின் வேரிலிருந்து பிறந்த 'சேர்க்கப்பட்ட' என்ற சொல்லில்.